துக்க வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கட்டலாமா?

வாசகர் கேள்வி
2 டிசம்பர் 2024, இரவு 9.40

எங்கள் ஊர் வள்ளியூர் பக்கம். அக்டோபரில் அப்பா தவறிவிட்டார்கள். வருஷா வருஷம் டிசம்பர் பிறந்ததும் அப்பாதான் மச்சில் ஏறி ஸ்டார் கட்டுவார்கள். தங்கச்சி மகன் எங்களோடுதான் இருக்கிறான், சின்னப் பையன். "மாமா, ஸ்டார் எப்பம் கட்டுவோம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மா, "இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். பெரியப்பாவும் அதையேதான் சொல்கிறார்கள். சபையில் ஒருவர், "விசுவாசிக்கு ஏது துக்கம், கட்டு தம்பி" என்கிறார். எனக்கு இரண்டு பேச்சுமே ஒட்டவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கட்டலாமா, கூடாதா?

ஒரு வாசகியின் பதில்கள்
2 டிசம்பர் 2024, இரவு 11.15

தம்பி, கட்டலாம். கட்டாமலும் இருக்கலாம். அம்மாவுக்கு மனசில்லாமல் கட்ட வேண்டாம். ஸ்டார் விஷயத்தில் என் பதில் இவ்வளவுதான்.

ஆனால் "விசுவாசிக்கு ஏது துக்கம்" என்ற பேச்சை என்னால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. காலையில் எழுதுகிறேன்.

3 டிசம்பர், காலை 6.30

என் வீட்டுக்காரர் 2022 நவம்பரில் இறந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடியவர். பெரிய குரல் என்று சொல்ல முடியாது, ஆனால் சுருதி நிற்கும். அட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் சாயங்காலமே முடிந்துவிடும், அதற்குமேல் பிராக்டிஸ். தன் வரியைச் சோல்பாவில் (டோ ரே மீ எழுத்தில்) ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் முனகுவார். அந்த வருஷம் அடக்க ஆராதனைக்கு வந்து பாடிய அதே குழு, அதே அங்கியோடு, சில வாரத்தில் கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) ஆராதனைக்கும் நின்றது. நான் பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நாலு குரல் பாட்டில் அடியில் ஓடுகிற குரல் ஒன்று குறைந்தால் சபைக்குத் தெரியாது. வீட்டில் அந்த வரியை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகியவளுக்குத் தெரியும். எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். எனக்கு அந்த வரி இல்லாதது மட்டும்தான் கேட்டது.

வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்கம்மா. நம்பிக்கை உள்ளவங்க அழக் கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரு." அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. வீட்டுக்கு வந்து, பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய கடிதத்தில் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை எடுத்தேன். 13ஆம் வசனம்: "நித்திரையடைந்தவர்களினிமித்தம் நீங்கள் நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை." அழக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது? நம்பிக்கை இல்லாதவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். அந்தச் சபையில் சிலர் இறந்துபோயிருக்கிறார்கள். கர்த்தர் வரும்போது அவர்கள் விடுபட்டுப் போவார்களோ என்று மிச்சமிருந்தவர்கள் கலங்கினார்கள். அப்படி நடக்காது, அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று சொல்லி, 18ஆம் வசனத்தில் "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். அழவே கூடாதென்றால் யாரை யார் தேற்றுவது?

என் நம்பிக்கை என்ன என்று கேட்டால், அந்தக் குரலைத் திரும்பக் கேட்பேன் என்பதுதான். சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறோமே. சரீரம் என்று சொல்லும்போது நான் அவருடைய தொண்டையை நினைக்கிறேன், நெஞ்சுக் கூட்டை நினைக்கிறேன். ஏதோ ஒரு ஆவியாக எங்கேயோ சுகமாக இருக்கிறார் என்றால் எனக்குப் போதாது. வேதம் சொல்வதும் அதைவிடப் பெரியது.

3 டிசம்பர், இரவு

கீழே ஒருவர், "அப்படியானால் கொண்டாட வேண்டியதுதானே, ஏன் இழுக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, நம்பிக்கை இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி மேசையில் ஒரு தட்டு குறைகிறது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

5 டிசம்பர்

கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த ஞாயிறு பீடத்தைப் பாருங்கள். என்ன நிறத் துணி போட்டிருக்கிறது? ஊதா. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் போடுகிற அதே ஊதா. அட்வென்ட் நாட்களைத் திருச்சபை பண்டிகையாக வைக்கவில்லை. காத்திருக்கிற காலமாக, மனந்திரும்புதலின் காலமாகத்தான் வைத்தது. வெள்ளைத் துணி கிறிஸ்துமஸுக்குத்தான் வரும். நம் ஊரில் டிசம்பர் 1ஆம் தேதியே தெருவெல்லாம் சீரியல் பல்பு எரிவதால் இது மறந்துபோகிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்த வெளிச்சம் பிடிக்கும். ஆனால் தம்பியின் அம்மா, பண்டிகைக் காலத்தில் துக்கம் கொண்டாடி எல்லாரையும் சங்கடப்படுத்துவதாக நினைத்துவிடக் கூடாது. திருச்சபை நாட்காட்டிப்படி அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அதேபோலக் கிறிஸ்துமஸ் 25ஆம் தேதியோடு முடிவதுமில்லை. ஜனவரி 6ஆம் தேதி, ஞானிகள் பாலனைக் கண்டதை நினைக்கிற பிரசன்னத் திருநாள் வரை 12 நாள் இருக்கிறது. 25ஆம் தேதி கூட்டத்தில் போய் நிற்க முடியாதவர்களுக்கு அதற்குப் பின்னால் எத்தனையோ சாயங்காலம் இருக்கிறது.

6 டிசம்பர்

"ஒரு வருஷம் பண்டிகை கிடையாது" என்ற வழக்கத்தை இங்கே நாலைந்து பேர் கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள். வேதத்தில் இல்லை, அஞ்ஞானப் பழக்கம், தீட்டு என்கிற எண்ணத்திலிருந்து வந்தது என்று.

வேதத்தில் இல்லை, உண்மைதான். ஊர் வழக்கம். நம் பாட்டன் பூட்டன்மார் ஞானஸ்நானம் எடுத்தபோது இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். தீட்டு என்கிற எண்ணத்தை நானும் ஏற்க மாட்டேன். இறந்தவர் வீட்டில் அசுத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு தயவும் இருக்கிறதே. துக்க வீட்டில் பலகாரம் சுட வேண்டாம் என்றால், சொந்தக்காரர்கள் சுட்டுக் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரி அந்த ஒரு வருஷம் சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க வேண்டியதில்லை. எங்கள் ஆச்சி காலத்தில் தூக்குச்சட்டி தூக்குச்சட்டியாக வரும் என்பார்கள். இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், முதல் பாதி மட்டும் நிற்கிறது. "அவங்களுக்கு இந்த வருஷம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள். வழக்கத்தை ஒழிப்பதென்றால் ஒழியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வைத்துக்கொள்வதென்றால் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

8 டிசம்பர், மதியம்

தூக்குச்சட்டி என்றதும் பலகாரப் பேச்சு வந்துவிட்டது. முந்திரிக்கொத்து எப்படிச் செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பேச்சு திசை மாறுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பாசிப்பயற்றை வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, கொஞ்சம் நறநறவென்று இருக்கும்படி பொடித்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேருங்கள். எள் கொஞ்சம், ஏலக்காய், சுக்கு. கருப்பட்டியோ வெல்லமோ, எங்கள் பக்கம் கருப்பட்டிதான், பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றிச் சூட்டோடு உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். பச்சரிசி மாவில் மஞ்சள் பொடியும் உப்பும் போட்டு இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கிச் சேர்த்தாற்போல எண்ணெயில் விட்டால் கொத்தாக வரும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். பல நாள் இருக்கும்.

2022இல் என் மதினி இதைத் தன் வீட்டில் செய்து கொண்டுவரவில்லை. சாமானை எல்லாம் தூக்கிக்கொண்டு என் அடுப்படிக்கே வந்துவிட்டாள். "நீங்க சுட வேண்டாம் மதினி, நான் சுடுதேன். நீங்க உருட்டிக் குடுங்க" என்றாள். இறந்தது அவளுக்கு அண்ணன். இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் உருட்டினோம். "அண்ணனுக்குக் கொத்துல மூணு இருந்தா பத்தாது, நாலு வேணும்பாங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். கூடத்தில் இருந்த மகளுக்கு அடுப்படியில் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் ஓடிவந்து பார்த்தாள். இப்படி ஒரு மதினி கிடைத்தால் வழக்கம் எதுவானாலும் பரவாயில்லை.

9 டிசம்பர்

சீனி போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம். ஆனால் அது முந்திரிக்கொத்து இல்லை.

11 டிசம்பர், இரவு 10.20

தனிச் செய்தியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெயர் சொல்லாமல் இங்கே பேசலாம் என்றும் சொன்னார். கணவர் இறந்து இரண்டாவது கிறிஸ்துமஸ். மகள் நீலச் சேலை வாங்கி வந்திருக்கிறாள். மாமியார் வீட்டில், "வெள்ளைதான் கட்டணும், முன் பெஞ்சில் போய் உட்காராதே" என்கிறார்களாம். கிறிஸ்தவ வீட்டில்தான்.

சகோதரி, லூக்கா 2ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிறோம், மேய்ப்பர்களோடு நிறுத்திவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் வாசித்தால் அன்னாள் வருகிறாள். ஆசேர் கோத்திரத்தாள், பானுவேலின் மகள். புருஷனோடு ஏழு வருஷம்தான் வாழ்ந்தவள், ஏறக்குறைய 84 வயது விதவை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தவள். பிள்ளையைப் பார்த்ததும் கர்த்தரைப் புகழ்ந்து, எருசலேமில் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாருக்கும் அவரைக் குறித்துப் பேசினாள் என்று எழுதியிருக்கிறது. இயேசு பிறந்த செய்தியை ஊருக்குச் சொன்னவர்களில் ஒருத்தி விதவை. அவளை யாரும் பின் பெஞ்சுக்கு அனுப்பவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பாளையங்கோட்டைக்கே வாருங்கள். திருநெல்வேலித் திருச்சபை யாரிடமிருந்து தொடங்கியது? கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) இங்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் பதிவேட்டில் இருந்த சபை மொத்தமே 40 பேர். அந்த அம்மாள் முன்னின்று கட்டிய கோயில் 1785இல் எழும்பியது. இன்றைக்கும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல், ஊசிக் கோபுரக் கோயில் பிரதிஷ்டை ஆனது 1826இல். அதற்கெல்லாம் முன்னால், கணவனை இழந்த ஒரு பெண் இங்கே தன் வீட்டில் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சபையின் பேரப்பிள்ளைகள் நாம், விதவையை முன் பெஞ்சில் உட்காராதே என்கிறோம். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

நீலச் சேலையைக் கட்டுங்கள். வெள்ளைதான் மனசுக்கு ஆறுதல் என்றால் வெள்ளை கட்டுங்கள். தீர்மானிப்பது நீங்களாக இருக்கட்டும்.

12 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அம்மா சம்மதிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி, அவர்கள் இந்துக் குடும்பம், "பிள்ள ஏங்கிப் போகாம் பாரு, என் வாசல்ல கெட்டுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது ஸ்டார் அங்கே எரிகிறது, பையன் தினமும் போய்ச் சுவிட்ச் போடுகிறானாம். அம்மாவும் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லையாம்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்ததற்கு இன்றைக்கு நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

14 டிசம்பர், காலை

"தேவ சித்தம்", "அவருக்குப் பரலோகத்தில் வேலை இருந்தது, எடுத்துக்கொண்டார்" என்று ஆறுதல் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

துக்கத்தில் இருக்கிறவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். யோபு தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தபோது, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று தானே சொன்னான். சிநேகிதர்கள் அவனுக்குச் சொன்னபோது கர்த்தர் கடைசியில் அவர்கள்மேல் கோபப்பட்டார். அதே சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல சிநேகிதர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

யோவான் 11ஐ நான் அந்த வருஷம் திரும்பத் திரும்ப வாசித்தேன். லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள் வந்து சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அப்புறம் மரியாள் வருகிறாள், அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். ஒரு எழுத்து மாறவில்லை. மார்த்தாளோடு இயேசு பேசுகிறார், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று. மரியாளுக்கு அந்தப் பதில் இல்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு அழுகிறார். ஒரே வார்த்தையோடு வந்த இரண்டு சகோதரிகளில் ஒருத்திக்குப் போதனை வேண்டியிருந்தது, ஒருத்திக்குக் கண்ணீர். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் அழுதார். உயிர்த்தெழுதல் தெரிந்தவர் அழ மாட்டார் என்று இனி யாராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டுங்கள்.

துக்க வீட்டுக்குப் போகும்போது எதிரில் இருப்பது மார்த்தாளா மரியாளா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பேசாமல் இருங்கள், பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள்.

15 டிசம்பர்

படுக்கையில் இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் கேட்டிருந்தார்: கோயிலுக்குப் போக முடியாது, அப்பாவும் இல்லை, எங்களுக்கு என்ன கிறிஸ்துமஸ்?

களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார்கள். கிட்டத்தட்ட 20 கிறிஸ்துமஸ் அந்த அறையில். எழுதினார்கள், பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கல்லறைக்கு மேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அம்மா என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

ஐயரிடம் சொல்லுங்கள், திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கேட்கத் தயங்க வேண்டாம், அது அவர் வேலைதான்.

17 டிசம்பர், இரவு

இன்றைய தேதியைப் பார்த்ததும் போன வருஷ ஞாபகம் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைச் சுற்றித் தண்ணீர், ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

முந்திரிக்கொத்து மதினியின் வீடு மீனாட்சிபுரத்தில். இடுப்பளவு தண்ணீர். கட்டில், பீரோ, கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. அண்ணனும் தங்கையும் சின்ன வயசில் எடுத்த ஒரே போட்டோவும் அதில் போயிற்று. குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவுக்குக் கேரல் வரவில்லை. கேரலுக்கு வருகிற வாலிபர்கள் அரிசியும் போர்வையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். முதல் வருஷம் வெறிச்சென்று கிடந்த வீட்டில் இரண்டாவது வருஷம் படுக்க இடமில்லை. அவருடைய சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் வைத்திருந்தேன். மதினி வீட்டுக்காரர் மாற்று உடுப்பில்லாமல் நின்றபோது எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கட்டம்போட்ட சட்டையை இன்னொருவர் உடம்பில் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் கொடுத்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதற்குமேல் அந்தப் பீரோவைத் திறக்க எனக்குப் பயம் வரவில்லை.

இதைச் சொல்லி, வெள்ளம் நன்மைக்கு வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் செத்த வீடுகள் உண்டு, ஆடு மாடு போய்ப் பிழைப்பே போன வீடுகள் உண்டு. அதன் நடுவில் நடந்த ஒன்றைச் சொன்னேன், அவ்வளவுதான்.

20 டிசம்பர்

இன்னொரு தனிச் செய்தி. "அக்கா, நீங்கள் எழுதுவதெல்லாம் நம்பிக்கை இருக்கிறவர்களுக்கு. மகன் போன பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் வாய் அசைக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை."

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றச் சங்கீதங்கள் எவ்வளவு புலம்பினாலும் பெரும்பாலும் முடியும்போது ஒரு துதி வரும். இதில் வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று எண்ணித்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்குகிறவன், பதில் வராமலே முடிக்கிறான். ஆனால் அவரிடம்தான் சொல்லி முடிக்கிறான்.

விசுவாசப்பிரமாணத்தை நீங்கள் சொல்ல முடியாத ஞாயிறு, சும்மா நில்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. பெஞ்சில் பக்கத்திலிருந்த வயதான டீச்சரம்மா கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள், எனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல. பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று அதில் ஒரு வரி வருகிறது. போனவர்களோடு இருக்கிற ஐக்கியம் மட்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். அந்த டீச்சரம்மாவும் அதற்குள் இருக்கிறார்கள்.

உங்கள் மகனுக்காக இன்றைக்கு ராத்திரி நான் அழுதேன், சகோதரி. ஜெபமும் பண்ணினேன்.

24 டிசம்பர், மாலை 5

நாளை அதிகாலை ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. பாதியில் அழுகை வந்தால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பப் போகலாம், ஆராதனை ஓடிவிடாது. ஓரமாக உட்காருங்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், "அம்மா அழுதா பயப்படாதீங்க" என்று. இறந்தவரின் பெயரைச் சாப்பாட்டு ஜெபத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் எல்லாரும் அதை நினைத்துக்கொண்டே பிரியாணி சாப்பிடுவார்கள்.

25 டிசம்பர், மதியம் 3

போனேன். பாடினேன். சகோதரி நீலச் சேலையில் முன் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார்! வீட்டில் மதினி குடும்பம், ஒரே சத்தம். பிறகு வருகிறேன்.

28 டிசம்பர், காலை

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. நேற்று முன்தினம் சுனாமி வந்து 20 வருஷம் நிறைந்தது. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காக வந்திருந்தவர்களும் அதில் உண்டு. குளச்சல் பக்கமும் எத்தனையோ குடும்பம். அங்கே கிறிஸ்துமஸும் திவசமும் அடுத்தடுத்த நாள்.

இன்றைக்குத் திருச்சபை நாட்காட்டியில் ஏரோது ராஜா கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு நாள். 26ஆம் தேதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், 28ஆம் தேதி இந்தக் குழந்தைகள். பாலன் பிறந்த அதே வாரத்தில் இவர்களை வைத்த பெரியவர்கள், அழுகிற வீடுகளை மறக்கவில்லை.

மத்தேயு தன் சுவிசேஷத்தில் அந்த இடத்தில் எரேமியா தீர்க்கதரிசியை எடுத்துச் சொல்கிறான்: "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்." எரேமியா 31ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். அங்கேயே இரண்டு வசனம் தள்ளி, "உன் முடிவைப்பற்றி உனக்கு நம்பிக்கையுண்டு" என்று கர்த்தர் அவளுக்குச் சொல்கிறார். மத்தேயுவுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அதை எழுதவில்லை. ராகேலை அழவிட்டுவிட்டு மேலே போகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அன்றைக்கே அடுத்த வசனத்தை வாசிக்க அவனுக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவனுடைய பதில் சுவிசேஷத்தின் கடைசியில் வருகிறது, இயேசுவின் கல்லறையில் கல் புரண்டு கிடக்கும்போது. இடையில் 25 அதிகாரம் காத்திருக்கிறான்.

3ஆம் தேதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்து வாசியுங்கள். அங்கே உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் கழிந்ததால் என்னால் அப்படிச் சொல்ல முடிகிறது. இந்த வாரம்தான் அடக்கம் பண்ணியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு இன்னும் அது சத்தியமாகப் படாமல் போகலாம். படாவிட்டாலும் அது சத்தியம்தான், உங்களுக்காக அப்படியே இருக்கும். அவசரம் இல்லை.

4 ஜனவரி 2025

வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் பற்றி வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. துக்க வீட்டைத் தாண்டிப் போவதா, வழக்கம்போல டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக உள்ளே போவதா என்று கேட்டிருந்தார்.

ஒரு வாரம் முன்னால் யாராவது இரண்டு பேர் பகலில் போய்க் கேளுங்கள். பெரியவர்களாகப் பார்த்துக் கேட்க வேண்டும், பிள்ளைகளிடம் கேட்டால் வாருங்கள் என்றுதான் சொல்லும். வர வேண்டாம் என்றால் அன்றைக்கு அந்த வாசலில் டிரம்மை நிறுத்திக் கடந்து போங்கள். வரலாம் என்றால் தாத்தா வேடக்காரர் தெருமுனையில் நிற்கட்டும். மெதுவான பாட்டாக ஒன்று, நாலு குரலிலும் பாடுங்கள். ஒரு ஜெபம், அதில் இறந்தவரின் பெயர் வர வேண்டும். டீயும் காணிக்கையும் எதிர்பார்க்க வேண்டாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில்) அடுத்த டிசம்பரிலிருந்து இப்படிச் செய்யலாம் என்று சபைமன்றத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம் அடக்க ஆராதனை நடந்த வீடுகளின் பட்டியல் ஐயரிடம் இருக்கும், நவம்பர் கடைசியில் வாங்கிவிட வேண்டும். பலகாரப் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கம் எடுத்துக்கொண்டால் நல்லது. பாசிப்பயறு வறுக்க நான் வருகிறேன்.